மூணு இல்லாத பாட்டு

பிப்ரவரி 6

டமாரத்துக்கு,

ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் "கடிதம் போடு" என்று இரண்டே வார்த்தை. இந்தக் காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டினால்தான் வாய் திறப்பேன் என்கிற மனிதன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். சரி, உன் வழிக்கே வருகிறேன். டிரம்ஸ்காரன் பிடிவாதம் பிடித்தால் பாடுகிறவள் என்ன செய்ய முடியும்? அன்றும் அதே கதைதான்.

விஷயம் இது. நம் ராக் குழுவை இன்னும் சிலர் ஞாபகம் வைத்திருக்கிறார்களாம். பழைய கம்பெனி நம் பாட்டுகளில் பன்னிரண்டைப் பொறுக்கி ஹிட்ஸ் ஆல்பம் ஒன்று போட ஆசைப்படுகிறது. கிடார் வாசித்த ஒல்லி போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் நீயும் நானும். இருவரும் ஒத்துக்கொண்ட பாட்டுகளை மட்டும்தான் போட முடியும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டியை இப்படி ஒரு காகிதத்தில் கட்டிப்போட அந்த வக்கீலுக்கு எப்படித்தான் தோன்றியதோ.

நம் பழைய சட்டப்படியே செய்வோம். எல்லாக் கையும் உயர்ந்தால் பாட்டு உள்ளே. ஒரு கை இறங்கினாலும் வெளியே. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

'பெட்ரோல் வாசனை'க்கு என் கை மேலே. 'எட்டாவது மாடி'க்கும் மேலே, அதில் நீ, வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவன் மாதிரி, தாளத்தில் ஓடியிருந்தாலும். 'இரும்புச் செருப்பு' வேண்டவே வேண்டாம். அதில் நான் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டவள் போலக் கத்துகிறேன். மற்றதை நீ சொல்.

'ஜன்னலைத் திற' வேண்டாம். அதற்கு என் கை இறங்கியேதான் இருக்கும்.

சங்கு


பிப்ரவரி 15

சங்குக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் கடையில் வேலை நின்றுபோனது. இத்தனை வருடம் கழித்தும் உன் எழுத்தெல்லாம் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது. படங்களுக்கு ஃபிரேம் போட்டுத்தான் இப்போது பிழைக்கிறேன். மரத்தை அறுக்கும்போது எழும் இரைச்சலில் ஃபோன் சரிப்பட்டு வராது. தவறாக நினைக்காதே.

'இரும்புச் செருப்பு' போகட்டும். நீ கத்தியது எனக்குப் பிடிக்கும், ஆனாலும் போகட்டும். 'பெட்ரோல் வாசனை' சரி. 'எட்டாவது மாடி'யில் ஓடியது நானில்லை, ஒல்லி. செத்தவன் மேல் பழி போடுகிறேன் என்று சொல்வாய். உயிரோடு இருந்தபோதும் அவன் மேல்தானே போட்டேன்?

ஆனால் 'ஜன்னலைத் திற' இல்லாமல் நமக்கு ஹிட்ஸ் ஆல்பமா? மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணமா? நம்மைத் தெரிந்த பாதிப் பேருக்கு அந்த ஒரு பாட்டுதான் தெரியும்.

நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு நன்றாக இருக்கிறது. சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அந்த அறை. நம் சுண்டு கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பொருந்தாத ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் எண்ணுறேம்ப்பா, நான்தான் எண்ணுவேன்" என்று ஒரே அடம். ஒல்லி மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தான். அவள் எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, நாலு."

அவளுக்கு அப்போது மூணு வராது. படி ஏறினாலும் ஒண்ணு, ரெண்டு, நாலுதான். பிஸ்கட்டானாலும் அப்படித்தான். எண்ணுகிறவர் தப்பாக எண்ணினாலும் அவர் பின்னால்தான் போக வேண்டும் என்பது நம் குழுவின் வழக்கம். அதனால் நான் அவள் 'நாலு' முடிந்ததும் அடித்துவிட்டேன். நீயும் ஒல்லியும் விழுந்தடித்துக்கொண்டு என் பின்னால் வந்தீர்கள். எல்லோரும் அதைப் பெரிய புதுமை என்று எழுதினார்கள். மூன்றரை வயதுக் குழந்தையின் புதுமை.

அந்தப் பாட்டு மட்டும் இருக்கட்டும், சங்கு. மற்றப் பதினொன்றையும் நீயே தேர்ந்தெடு.

டமாரம்


பிப்ரவரி 26

டமாரத்துக்கு,

ஏன் என்று கேட்கக் கூடாது என்றேன். நீ கேட்கவில்லை, கதை சொன்னாய். இரண்டும் ஒன்றுதான்.

நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். விரிப்புகள் இஸ்திரி உருளைகளுக்கு நடுவே போய், மறுபக்கம் சுடச்சுட வந்து விழும். பெண்கள் ரேடியோ வைத்துக்கொண்டு மடிப்பார்கள். அந்தப் பாட்டு மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். முதல் 'ஒண்ணு' கேட்பதற்குள் நான் கொதிகலன் பக்கம் போயிருப்பேன். "மேடம் அங்க என்னத்தப் போய் பாக்குறாங்க?" என்று அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

சுண்டுவின் இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பாட்டின் இசைத்தட்டு அச்சில் இருந்தது. தட்டு கடைக்கு வந்தபோது அவள் இல்லை. ஊரே அவள் குரலை வாங்கிக்கொண்டு போனது. நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "இனிமே அத வாசிக்காத" என்று. நீ தலையாட்டினாய். பிறகு வேறொரு பாடகியைப் பிடித்தாய், சுண்டுவின் குரலை மட்டும் ஒரு டேப்பில் வெட்டி எடுத்துக்கொண்டாய், மேடை மேடையாகப் போட்டாய். கூட்டம் அவளோடு சேர்ந்து எண்ணுமாமே? நாலு வந்ததும் விசில் அடிப்பார்களாமே?

பெற்ற பிள்ளையை இப்படி வாசலில் நிறுத்திக் கூவ வைத்தவன் நீ. அதனால்தான் வீட்டை விட்டுப் போனேன். துக்கம் தாங்காமல் போனாள் என்று எல்லோரிடமும் சொன்னாயாம். துக்கத்தைத் தாங்கினேன். உன்னைத்தான் தாங்க முடியவில்லை.

கை இறங்கியே இருக்கிறது.


மார்ச் 9

சங்குக்கு,

பெயர் போடாமல் அனுப்பிவிட்டாய். பரவாயில்லை, சாய்ந்த எழுத்தைத் தெரியாதா எனக்கு?

ஒரு தடவை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அவள் துணி இருந்தது, செருப்பு இருந்தது, நீ ஒன்றையும் தொடவிடவில்லை. அழவும் விடவில்லை, "சத்தம் போடாத" என்பாய். எனக்கு இருந்தது அந்த டேப்தான். மேடையில் விளக்கு அணையும், அவள் எண்ணுவாள், நான் அவள் சொன்ன இடத்தில் அடிப்பேன். கூட்டம் என்ன செய்தது என்று நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு நாளும் என் மகள் என்னோடு வேலைக்கு வந்தாள், அவ்வளவுதான்.

நீ அதை விற்றேன் என்கிறாய். சாப்பாடும் அதில்தான் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் சட்டம்தான். உன் கை இறங்கினால் பாட்டு இல்லை. கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

டமாரம்


மார்ச் 21

டமாரம்,

கொஞ்சம் பொறு. கம்பெனிக்கு நீ எழுதியது போய்ச் சேருவதற்கு முன்பே அங்கிருந்து எனக்கு ஒன்று வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். அங்கே ஒரு சவுண்ட் என்ஜினியர் இருக்கிறார். பழைய பாட்டுகளையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து, கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். 'ஜன்னலைத் திற'வும் அதில் இருந்தது. கூடவே ஒரு குறிப்பு, "தொடக்கத்தில் குழந்தை ஓர் எண்ணை விட்டுவிட்டது. இப்போதைய வசதியில் அதையும் அவள் குரலிலேயே சேர்த்துவிட்டோம்" என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

நான் கேட்டேன். அந்தப் பாட்டை இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

டமாரம், அவள் மூணு சொல்கிறாள். அவள் குரல்தான். 'ணு'வை மூக்கில் கொஞ்சம் இழுக்கிறாள், ஜலதோஷம் பிடித்த நாளில் இழுப்பாளே, அப்படியே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பாய்! விரலை மடக்கி மடக்கி, "இங்க பாரு, இது மூணு" என்பாய், அவள் உன் விரலைக் கடிப்பாள். இன்னும் ஒரே ஒரு மாதம் இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அந்த ஒரு மாதத்தை யாரோ கொண்டுவந்து என் கையில் கொடுத்ததாக நினைக்கிறேன்.

என் கையை உயர்த்திவிட்டேன். இந்தப் பாட்டு இப்படியே இருக்கட்டும்.

சங்கு


மார்ச் 28

சங்கு,

குறிப்பைப் படித்தேன். கையிலிருந்த ஃபிரேம் கண்ணாடி உடைந்தது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினேன்.

அவள் மூணு சொன்னதில்லை. சொல்லாமலே போய்விட்டாள். எவனோ ஒரு மெஷினை முடுக்கி அவள் வாயில் ஒரு வார்த்தையைத் திணித்திருக்கிறான், நீ அதைத் தரையில் உட்கார்ந்து கொண்டாடுகிறாய். அவள் குரலை மேடையில் போட்டதற்கு என்னை விட்டுப் போனவள் நீ. அது அவள் பேசியது, சங்கு. இது யார் பேசியது?

என் கை இறங்கிவிட்டது. இந்த வடிவத்தில் பாட்டு வராது.

டமாரம்


ஏப்ரல் 5

டமாரம்,

விதியைப் பார்த்தாயா? வேண்டும் வேண்டும் என்றவன் வேண்டாம் என்கிறான், வேண்டாம் என்றவள் காலில் விழுகிறாள்.

நீ அதைக் கேட்டாயா இல்லையா? குறிப்பைப் படித்தேன் என்கிறாய். கேட்டேன் என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரு தடவை கேள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கும் தெரியும் அது பொய்யென்று. நான் என்ன முட்டாளா? ஆனால் அந்தப் பொய்யில் அவள் கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதைப் போடுகிறேன். முதல் நான்கு வார்த்தை மட்டும்தான். என் குரல் வருவதற்குள் நிறுத்திவிடுகிறேன். மறுபடி முதலிலிருந்து. இப்போது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால்கூட நான் கொதிகலன் பக்கம் ஓடுவதில்லை. மடிக்கிற பெண்களில் ஒருத்தி, "மேடம், இன்னைக்கு நல்லா இருக்கீங்க" என்றாள். இந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது.

இதை என்னிடமிருந்து பிடுங்காதே. கெஞ்சுகிறேன்.

சங்கு


ஏப்ரல் 12

கேட்க வேண்டிய தேவை எனக்கில்லை. வேண்டாம்.

நீ வீட்டில் வைத்துக் கேட்பதை நான் தடுக்கவில்லை. உலகத்துக்கு அது அவள் பெயரில் போகக் கூடாது. பதினொரு பாட்டோடு ஆல்பம் வரட்டும்.

டமாரம்


மே 3

டமாரத்துக்கு,

உனக்கு எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவளைத் தெரிந்தவர்களில் மிச்சம் நீ ஒருவன்தான்.

போன வாரம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அவளை நினைத்துப் பார்த்தேன். வாளி மேல் உட்கார்ந்தாள், ஹெட்ஃபோனைப் பிடித்தாள், எண்ணினாள். மூணு வந்தது. திரும்ப நினைத்தேன், திரும்பவும் மூணு. படியில் ஏறும்போது எண்ணுவாளே, அதை நினைத்தேன். அங்கேயும் மூணு வந்து உட்கார்ந்துவிட்டது. மழை நாள், பிஸ்கட், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வளையலை எண்ணியது, எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

பயந்துபோய்ப் பழைய இசைத்தட்டைத் தேடி வாங்கிவந்து போட்டேன். உண்மையான குரலைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒண்ணு, ரெண்டு என்று போய், யாரோ மூணை வெட்டி எறிந்ததாகத்தான் காதில் விழுகிறது. என் மகள் பேசியது எனக்கு இப்போது குறைபட்ட டேப். அந்த என்ஜினியர் செய்து கொடுத்ததுதான் முழுசாக இருக்கிறது.

அதை அழித்துவிட்டேன். அழித்து என்ன பிரயோசனம்? மண்டைக்குள் போனதை எப்படி அழிப்பது?

நான் அவளை இன்னொரு தடவை தொலைத்துவிட்டேன், டமாரம். முதல் தடவை யாரோ கொண்டுபோனார்கள். இந்தத் தடவை நானே ஒவ்வொரு நாளாகத் தேய்த்துத் தேய்த்துத் தொலைத்தேன்.

உனக்கு அவள் சரியாகக் கேட்கிறாளா? மூணு இல்லாமல்?

சங்கு


மே 11

சங்கு,

அவள் எனக்குச் சரியாகக் கேட்கிறாள், மூணு இல்லாமல். வேறு எதுவும் கேட்பதில்லை.

எனக்குக் காது போய்விட்டது. வாழ்நாள் முழுக்க டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு அது கூலி கேட்டது. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. காலிங் பெல், குருவி, குழந்தைகள் பேச்சு. ஒருநாள் மேடையில் விளக்கு அணைந்தது, நான் அவள் எண்ணுவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். அப்போதிருந்த கிடார்க்காரன் திரும்பி என்னை முறைத்தான். அவள் எண்ணி முடித்து நேரமாகிவிட்டது என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றோடு வாசிப்பதை விட்டேன். பிறகு மற்ற சத்தமும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. காதில் மெஷின் வைத்துப் பார்த்தேன், பாத்திரக் கடையில் மாடு புகுந்ததாகத்தான் கேட்டது. உன்னிடம் சொன்னால் பாவம் என்பாய், பாவம் என்று உன் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் ஃபோனும் எடுக்கவில்லை, அந்த மூணையும் கேட்கவில்லை. கேட்க முடிந்திருந்தால் நானும் உன்னைப் போலத்தான் தரையில் உட்கார்ந்திருப்பேன். உன்னைத் திட்டியிருக்கக் கூடாது.

வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராததால் அவள் எனக்குள் அப்படியே இருக்கிறாள். 'ரெண்டு' சொல்லிவிட்டு வாயை மூடாமலே மூச்சை இழுப்பாள். அடுத்தது என்ன என்ற சந்தேகமே அவளுக்கு இருக்காது. 'நாலு' என்பாள். கடைசியில் சிரிப்பு ஒன்று கிளம்பும், அதற்குள் நான் அடித்துவிடுவேன்.

இதை எப்படி உனக்குக் கொடுப்பது? நான் எண்ணிக் காட்டினால் கிழட்டுக் குரலில் வரும், சரியாக வருகிறதா என்று எனக்கே தெரியாது. ஆனால் தட்டத் தெரியும். அவள் எண்ணிய வேகம் என் விரலில் மாறவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கடைக்கு மேல்தான் அறை. பேச வேண்டியிருந்தால் என் முகத்துக்கு நேரே பேசு, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

'ஜன்னலைத் திற' ஆல்பத்தில் இருக்கட்டுமா? அவள் எண்ணியபடியே. நாம் இரண்டு பேரும் அதைக் கேட்கப் போவதில்லை. கேட்க முடிந்தவர்களுக்காவது அவள் சரியாகப் போய்ச் சேரட்டும்.

டமாரம்


மே 25

டமாரத்துக்கு,

கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். 'ஜன்னலைத் திற' முதல் பாட்டு. அவள் எண்ணியபடியே, ஒன்றும் சேர்க்காமல். அந்த என்ஜினியர் ஃபோனில் மன்னிப்புக் கேட்டார். "உங்கமேல தப்பில்ல" என்றேன், பாவம், அழுதேவிட்டார்.

போன வாரம் உன் அறைக்கு வந்து உன்னைப் பார்த்தேன். உன் தலையெல்லாம் மரத்தூள். இத்தனை மெலிந்து போயிருக்கிறாய். சாப்பிடுகிறாயா இல்லையா? கேட்க நினைத்தேன், நீ அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டாய்.

நீ என் முதுகில் தட்டியதும் முதல் தடவையே அவள் வந்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மூச்சு, பிறகு அந்த நாலு. நடுவில் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் வந்தாள், வாளியில் காலை ஆட்டிக்கொண்டு. அதற்கடுத்த தடவை அந்த மூணு மெல்லத் தலையை நீட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் நீ தட்டினால் அது போய்விடும், அவள் மட்டும் மிஞ்சுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. "நிறுத்தாத" என்றேன். நீ நிறுத்திவிட்டாய்.

என் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. உனக்கு எப்படித் தெரியும்? திரும்பிச் சொல்லியிருக்கலாம். திரும்பவில்லை. முகம் இருந்த கோலத்தில் உன் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. கைகள் என் தோளில் அப்படியே இருக்க, "போதுமா?" என்று கேட்டாய், அறை அதிரக் கேட்டாய், உன் சத்தம் உனக்கே தெரியாமல். நான் போதும் என்று தலையை ஆட்டினேன். நீ போய்த் தண்ணீர் கொண்டுவந்தாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். போதவில்லை.

சங்கு